பாவூர்சத்திரம் – டவுன் பாசஞ்சர்: பஸ்ஸை விட்டு ரயிலுக்கு மாறி எட்டு மாதம்

திருநெல்வேலி டவுனில் மேல ரத வீதியில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு தென்காசி பக்கத்தில் பாவூர்சத்திரம். பதினாறு வருஷம் ஆலங்குளம் வழியாகப் பஸ்ஸில் போய்வந்தேன். போன தை பிறந்ததும் செங்கோட்டை – திருநெல்வேலி பாசஞ்சருக்கு மாறினேன். கடையில் வரவு செலவு எழுதிப் பழகிய கை சும்மா இருக்காது. வீட்டுக் காலண்டரில் அந்தந்தத் தேதிக் கட்டத்தில் வீட்டிலிருந்து கிளம்பிய நேரத்தையும் கடைப்படி ஏறிய நேரத்தையும் பென்சிலால் குறித்துவிடுவேன். பஸ் காலத்துத் தாளும் இருக்கிறது, ரயில் காலத்துத் தாளும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இந்த ரயிலுக்கு ஐந்தில் நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஐந்தாவது ஏன் பாக்கி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரோட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்த ரயிலின் அருமை புரியாது.

திருநெல்வேலி – தென்காசி ரோடு கொல்லம் வரை போகிற பாதை. மாநில நெடுஞ்சாலையில் 39ஆம் நம்பர். இதில் 45 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே உலக வங்கிக் கடனில் நாலு வழியாக்கினார்கள். அதற்காக இரண்டு பக்கமும் குடை பிடித்து நின்ற மரங்களைக் கொடுத்தோம். வேலை நடந்த வருஷங்களில் தின்ற புழுதிக்கு அளவில்லை. சரி, ரோடு அகலமானது. ஊருக்கும் ஊருக்கும் நடுவில் வண்டி இப்போது பறக்கிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் பறந்து போய் எங்கே நிற்கிறது? ஆலங்குளத்தில் நிற்கிறது. அங்கிருந்து பறந்து வந்து பழைய பேட்டையில் நிற்கிறது. அப்புறம் டவுனுக்குள் நுழைந்து சந்திப்பிள்ளையார் முக்கில் ஊர்கிறது. முன்னால் வழியெல்லாம் சிதறிக் கிடந்த நெரிசலை இப்போது மூன்று நான்கு இடத்தில் குவித்து வைத்தது மாதிரி ஆகிவிட்டது.

என் காலண்டரும் அதைத்தான் சொல்கிறது. பஸ்ஸில் நல்ல நாளில் ஒன்றேகால் மணி நேரம். கெட்ட நாளில் இரண்டே முக்கால். நடுவில் எத்தனை வேண்டுமானாலும் ஆகலாம். எனக்குச் சிரமமே அதுதான். தினமும் இரண்டு மணி நேரம் என்று தெரிந்தால்கூட அதற்குத் தக்கபடி சோறு வடித்துக் கிளம்பிவிடலாம். எந்த நாள் எப்படி என்று தெரியாததால் எல்லா நாளும் கெட்ட நாள் என்று நினைத்துக்கொண்டே கிளம்ப வேண்டியிருந்தது.

இந்த ரோட்டில் ஓடாத வண்டி கிடையாது. புளியரை வழியாகக் கேரளாவுக்கு எம்சாண்டும் ஜல்லியும் ஏற்றிப் போகிற டாரஸ் லாரிகள். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் இருந்து டவுன் நயினார்குளம் மார்க்கெட்டுக்குக் காய் கொண்டுபோகிற ‘சின்ன யானை’ மினி லாரிகள். ஆனி, ஆடியில் சாரல் விழுந்துவிட்டால் குற்றாலத்துக்குப் போகிற கார்களும் வேன்களும். கார்த்திகை பிறந்தால் மாலை போட்ட சாமிமார் வண்டிகள் தை வரைக்கும். இதற்கு நடுவில் பள்ளிக்கூட வேன், ஊர் விட்டு ஊர் போகிற மொபசல் பஸ், மூட்டையும் முறமுமாகப் பீடிக் கடைக்குப் போகிற பெண்களை ஏற்றிய ஷேர் ஆட்டோ. இவர்களில் ஒருத்தரையும் வராதே என்று சொல்ல முடியாது. எல்லாரும் பிழைப்புக்கோ சாமிக்கோ போகிறவர்கள்தான்.

நான் ரயிலுக்கு மாறியதற்குக் காரணம் என் நேரம் மட்டுமில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆவணியில் ஒரு முகூர்த்த நாள். எங்கள் பெரியம்மாவுக்குக் காலையில் திடீரென்று வாய் கோணி இடது கை விழுந்துவிட்டது. தென்காசி பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி உண்டு, அதை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று அங்கே இருந்த நர்ஸம்மா சொன்னது காதிலேயே நின்றது. 108 வண்டியில் பெரியம்மா தலைமாட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். பாவூர்சத்திரம் தாண்டி வண்டி போன வேகத்துக்குச் சீக்கிரம் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன்.

ஆலங்குளத்தில் நின்றது. முன்னால் ஒரு பஸ் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு பஸ். கல்யாண வேன்கள் ஓரத்தில் இரண்டு வரிசையாக நின்றன. எதிர்ப்பக்கம் ஒரு லாரி திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. சைரன் அலறிக்கொண்டே இருந்தது. யாரும் வேண்டுமென்று மறிக்கவில்லை. ஒரு பையன் பைக்கில் இருந்து இறங்கி ஓடி வந்து கையை ஆட்டி ஆட்டி வழி விடச் சொன்னான். விட இடமில்லை, அவ்வளவுதான். வண்டிக்குள்ளே டிரிப்ஸ் பாட்டிலில் சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா வலது கையால் என் முந்தானையைப் பிடித்திருந்தாள். பிடி இறுகுவதும் தளர்வதுமாக இருந்தது. இருபத்திரண்டு நிமிஷம்.

பெரியம்மா பிழைத்து வந்துவிட்டாள். இடது கை மட்டும் இன்றுவரை தோளுக்கு மேல் எழும்பாது. அந்த இருபத்திரண்டு நிமிஷத்தால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு எங்களை மறித்து நின்ற மாதிரி ஒரு பஸ்ஸில்தான் இத்தனை வருஷமாக நானும் தினம் உட்கார்ந்து போகிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கு வேறு வழி இருந்தது. வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் ரயில்வே ஸ்டேஷன்.

அந்தச் சமயத்திலேயே இன்னொன்றும் நடந்தது. தென்காசியில் அக்கா வீட்டுக்குப் போய்த் திரும்புகையில் பாவூர்சத்திரம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கி டீ குடிக்கப் போய்விட்டார். பின்னால் எவ்வளவு தூரத்துக்கு வண்டி நிற்கிறது என்று எட்டிப் பார்த்தேன், கடைசி தெரியவில்லை. அப்போது எதிரே பாசஞ்சர் போனது. பெட்டிக்குப் பெட்டி ஜன்னலோர சீட்டெல்லாம் காலி. இந்தப் பக்கம் நாங்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்துகொண்டு நிற்கிறோம், அந்தப் பக்கம் அத்தனை பெஞ்சும் வெறுமனே போகிறது. கணக்கு எழுதுகிறவளுக்கு அது பொறுக்காது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பஸ்ஸில் உட்கார்ந்து போகிறவர்கள் ஐம்பத்தைந்து பேர் என்று வையுங்கள். ரயிலில் ஒரு பொதுப் பெட்டியில் 90 பேர் உட்காரலாம். பத்துப் பெட்டி என்றால் 900. அதாவது பதினாறு பஸ்ஸுக்கு மேல். இந்த 900 பேரும் பைக்கிலும் காரிலும் கிளம்பினால் எவ்வளவு ரோடு அடைபடும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இனி ரயில். காலையில் ஏழு மணியை ஒட்டி பாவூர்சத்திரத்துக்கு வருகிற வண்டி என்னுடையது. நேரம் அவ்வப்போது ஐந்து பத்து நிமிஷம் மாற்றுவார்கள், ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். ரயில் ஆலங்குளம் பக்கமே போகாது. மேட்டூர், கீழக்கடையம், ரவணசமுத்திரம், ஆழ்வார்குறிச்சி, கீழ ஆம்பூர், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மகாதேவி, பேட்டை, டவுன் என்று தெற்கே ஒரு சுற்றுச் சுற்றித்தான் வரும். ரோட்டைவிடப் பதினைந்து கிலோமீட்டருக்குமேல் கூடுதல். எங்கள் வீட்டுக்காரர் முதல் வாரம் கேலி செய்தார். “தலையைச் சுத்தி மூக்கைத் தொடப் போறியாக்கும்?” என்றார். ஆனால் காலண்டரைப் பாருங்கள். சுற்றிக்கொண்டு போகிற ரயில் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் என்னை டவுனில் இறக்கிவிடுகிறது. பத்து நிமிஷம் இப்படியோ அப்படியோ. நேர் ரோட்டில் நல்ல நாளில் கிடைக்கிற ஒன்றேகாலுக்கு முன்னால் இது கூடுதல்தான். ஆனால் இந்த எட்டு மாதத்தில் “இன்னிக்கு எப்போப் போய்ச் சேருவோமோ” என்று நெஞ்சு படபடத்த நாள் ஒன்றுகூட இல்லை.

டவுன் ஸ்டேஷனில் இறங்குவது எனக்கு இன்னொரு லாபம். ஜங்ஷனுக்குப் போய்த் திரும்ப வேண்டியதில்லை. கால் மணி நேரம் நடந்தால் ரத வீதி. ஆனித் தேரோட்ட நாளில் ரத வீதியைச் சுற்றி எந்த வண்டியும் நுழைய முடியாமல் பஸ்ஸையெல்லாம் மாற்றி விடுவார்கள். இந்த வருஷம் நான் ஸ்டேஷனில் இறங்கி நடந்து நேராக வடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நின்றேன்.

இந்தப் பாதைக்கு வயது நூற்றிருபதுக்கு மேல். 1903இல் மீட்டர் கேஜாகப் போட்டார்கள். அகலப்பாதை வேலைக்காக மூடி வைத்து, 2012இல் திறந்தார்கள். அந்த மூடிய வருஷங்களில்தான் எங்கள் ஊர்க்காரர்கள் ரயிலை மறந்தார்கள் என்பது என் எண்ணம். பஸ்ஸுக்கும் பைக்குக்கும் போனவர்கள், திறந்த பிறகும் திரும்பி வரவில்லை. நானே அப்படித்தான். வீட்டுப் பக்கத்தில் ரயில் கூவுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்திருக்கிறேன்.

பெட்டிக்குள் எங்கள் கூட்டம் ஒன்று சேர்ந்துவிட்டது. கீழக்கடையத்தில் ஒரு அக்கா பிச்சிப்பூவும் வாழைநாரும் எடுத்துக்கொண்டு ஏறுவாள். மடியில் ஈரத்துண்டை விரித்து உட்கார்ந்தால் சேரன்மகாதேவி வருவதற்குள் பன்னிரண்டு முழம் கட்டி முடித்துவிடுவாள். இரண்டு மொட்டு அந்தப் பக்கம், இரண்டு மொட்டு இந்தப் பக்கம், நாரை ஒரு சுற்று, கட்டைவிரலால் ஒரு அழுத்து. ரயில் ஆடினாலும் கை தவறாது. பஸ்ஸில் இது நடக்குமா? அவளே சொல்வாள்: “பஸ்ஸுல போனா டவுன்ல எறங்கின பொறவுதான கட்டணும். இங்க கட்டிக்கிட்டே போயிருதேன், எறங்கின ஒடனே வித்துருதேன்.” போகிற நேரமே அவளுக்கு வேலை நேரம். நானும் முந்தின நாள் பில்லையெல்லாம் மடியில் வைத்துச் சரிபார்த்துவிடுவேன். கடை திறக்கும்போது எனக்குப் பாதி வேலை முடிந்திருக்கும்.

தாமிரபரணியை இரண்டு தடவை தாண்டும். அம்பை என்கிற அம்பாசமுத்திரத்துக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவில் ஒன்று, சேரன்மகாதேவி தாண்டி ஒன்று. பாலம் வந்ததும் பெட்டியில் பேச்சு தன்னால் நின்றுவிடும். வயசானவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கடையம் பக்கம் வருகையில் பொதிகை மலை வெயில் பட்டு நீலமாக நிற்கும். பாரதியார் 1918இல் இருந்து 1920 வரை அந்த ஊரில் இருந்தாராம். அந்த மலையைப் பார்த்துக்கொண்டு இருந்தவருக்குப் பாட்டு வராமல் என்ன செய்யும் என்று தோன்றும். காருகுறிச்சியில் வண்டி நின்றால் எங்கள் பெட்டியில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் “அருணாசலம் நாயனம் வாசிச்ச ஊருல்லா” என்று தினமும் சொல்வார். தினமும் நாங்களும் ஆமா சார் என்போம்.

செலவு பற்றி. பாசஞ்சரில் குறைந்தபட்ச டிக்கெட் 10 ரூபாய். நான் தினம் எடுப்பதில்லை, மாதச் சீசன் டிக்கெட் போட்டிருக்கிறேன். 150 கிலோமீட்டர் வரை சீசன் கிடைக்கும், போனிலேயே எடுத்துக்கொள்ளலாம். தினம் டிக்கெட் எடுப்பதில் பாதிகூட ஆகாது. பெண்களுக்கு இலவசப் பயணம் டவுன் பஸ்ஸில்தானே, மொபசல் பஸ்ஸில் முழு டிக்கெட். அதனால் எனக்கு இதில் மாதம் மிஞ்சுகிற காசு ஒரு சிலிண்டருக்குக் கிட்ட வருகிறது.

ஆனால் ரயில் இருந்தால் மட்டும் போதாது, வேலை நேரமும் அதற்கு இணங்க வேண்டும். எங்கள் கடை பத்து மணிக்குத் திறந்து இரவு ஒன்பதுக்கு அடைப்பது. நான் எட்டு மணி வரை இருக்க வேண்டும். மாலை ரயில் ஆறு மணிக்கு மேல் கிளம்பிவிடும். அதற்கு அப்புறம் பாசஞ்சர் கிடையாது. முதலாளியிடம் போய்க் கேட்டேன். “அண்ணாச்சி, நான் ஒம்பது மணிக்கே வந்து நேத்து கணக்கை முடிச்சு வச்சிருதேன். ஆறு மணிக்கு விட்டுருங்க” என்றேன். அவர் கொஞ்ச நேரம் பித்தளைக் குடத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். “ராத்திரி கல்லாவை யாரும்மா எண்ணுவா?” “தம்பி எண்ணிச் சீட்டு எழுதி வச்சா, காலைல நான் சரி பார்த்துருவேன் அண்ணாச்சி.” ஒரு வாரம் பார்ப்போம் என்றார். இப்போது எட்டு மாதம். கணக்கில் ஒரு ரூபாய் பிசகவில்லை. டவுனில் எத்தனை கடை, எத்தனை ஆபீஸ். எல்லாரும் ஒன்பதரைக்கு உள்ளே வா, எட்டு மணிக்கு வெளியே போ என்றால் எல்லாரும் அதே நேரத்தில்தான் வாகையடி முக்கில் முட்டிக்கொண்டு நிற்போம். கணக்கு எழுதுகிறவர்கள், டைப் அடிக்கிறவர்கள், ஸ்டாக் பார்க்கிறவர்கள் ஒரு மணி நேரம் முன்னே பின்னே வரலாமே. முதலாளிமார் இதைப் படித்தால் ஒரு தடவை யோசியுங்கள்.

திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்குப் பாலம் கட்டியதே நெரிசலைப் பிரித்துவிடுகிற இந்த யோசனையில்தான். 1973இல் திறந்தது. கனமான வண்டியெல்லாம் மேல்தட்டில், சைக்கிளும் சின்ன வண்டியும் கீழ்த்தட்டில். எங்கள் அப்பா மாவட்ட ஆபீஸுக்குச் சைக்கிளில் கீழ்த்தட்டில் போனவர். “தலைக்கு மேல பஸ்ஸு போகும், நாம கீழ நிழல்ல மிதிச்சுக்கிட்டே போவோம்” என்பார். யார் எந்த வழியில் போக முடியுமோ அந்த வழியில் பிரித்து விட்டால் எல்லாருக்கும் இடம் கிடைக்கும். அந்தப் பாலத்துக்கு அது பொருந்துகிறது என்றால் ஒரு முழு நெடுஞ்சாலைக்கும் பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன்.

ஐந்தாவது நட்சத்திரத்துக்கு வருகிறேன். ஒன்று, ஒற்றைத் தடம். எதிர் வண்டி வர வேண்டுமென்றால் இது ஏதாவது ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்க வேண்டும். அதனால்தான் ஒரு நாளைக்கு நாலு ஜோடி பாசஞ்சரோடு நிற்கிறது. இரண்டாவது, இரவு எட்டு மணிக்கு ஒரு வண்டி இல்லாதது. எனக்கு முதலாளி மனசு வைத்தார். ஜவுளிக்கடையில் நிற்கிற பிள்ளைகளுக்கு யார் மனசு வைப்பார்கள்? சேரன்மகாதேவி, வீரவநல்லூர், அம்பையில் இருந்து வருகிற எத்தனையோ பெண்பிள்ளைகள் காலையில் என்னோடு ரயிலில் வந்துவிட்டு இரவு பஸ்ஸுக்காக ரோட்டில் நிற்கிறார்கள். காலையில் ரயிலேறியவர் இரவும் ரயிலில் திரும்ப முடிந்தால்தான் பைக்கை வீட்டில் விட்டு வருவார். ஒரு பக்கம் மட்டும் ரயில் என்றால் யாரும் மாற மாட்டார்கள்.

மூன்றாவதை ரயிலின் குறை என்று சொல்ல முடியாது. இந்தப் பாதை ஆலங்குளத்தைத் தொடவே இல்லை. ரோட்டில் நடுநாயகமாக இருக்கிற ஊர் அது. அந்த ஊர்க்காரருக்கு ரோட்டை விட்டால் கதி இல்லை. எங்கள் கடையில் பில் போடுகிற பெண் ஆலங்குளம்தான். நான் ரயிலுக்கு மாறிய மறு வாரம் சாப்பிடும்போது சொன்னாள்: “எக்கா, ஒங்க ஜன்னல் சீட்டு இப்பம் எனக்குத்தான். முன்னால பாவூர்சத்திரத்துலயே நெறஞ்சு வரும், நான் டவுன் வரைக்கும் நின்னுக்கிட்டே வருவேன்.” அவள் அப்போது ஏழு மாதம். நின்றுகொண்டே வந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. தெரிந்திருந்தால் முன்னாடியே மாறியிருப்பேன். ரயில் கிடைக்கிற ஊர்க்காரர்கள், பாவூர்சத்திரம், தென்காசி, செங்கோட்டைக்காரர்கள், முடிந்த நாளிலாவது ரோட்டை விட்டு இறங்கினால் அந்த இடம் அவளை மாதிரி ஆளுக்கும் 108 வண்டிக்கும் போகும்.

மாற நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். முதல் இரண்டு வாரம் அலுப்பாக இருக்கும், பாதியில் விட்டுவிடாதீர்கள். திங்கள்கிழமை காலை மட்டும் கூட்டம், சீட்டு வேண்டுமென்றால் கடைசிப் பெட்டிகளுக்குப் போங்கள். காலையில் போகும்போது வலது பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் மலை தெரியும். சாப்பாடு கட்டிக்கொண்டு வாருங்கள், கல்லிடைக்குறிச்சி தாண்டினால் யாராவது அப்பளம் நீட்டுவார்கள்.

இரவு எட்டு மணி வண்டிக்காக ரயில்வே மதுரைக் கோட்டத்துக்கு அனுப்ப ஒரு மனு எழுதியிருக்கிறோம். வாத்தியார்தான் எழுதினார், நான் நகல் எடுத்தேன். பூக்கட்டுகிற அக்கா முதல் கையெழுத்துப் போட்டாள். என்ஜினில் இருந்து மூன்றாவது பெட்டியில், காலை வண்டியில், சிவப்பு அட்டை போட்ட நோட்டு என்னிடம் இருக்கும். நாளைக்கு வந்தால் பேனாவும் தருவேன்.